நின்ற இன்ஜினும் நிற்காத இன்ஜினும்: ஹன்சா-என்ஜி செய்திக்குறிப்பை முன்வைத்து

2022 மே 17 அன்று, கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள சள்ளகெரே சோதனைத் தளத்துக்கு மேலே ஒரு சின்ன விமானத்தின் இன்ஜினை வேண்டுமென்றே அணைத்தார்கள். விமானத்தின் பெயர் ஹன்சா-என்ஜி. பெங்களூரு என்ஏஎல் வடிவமைத்த, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். உள்ளே இருந்தவர்கள் விமானப்படையின் சோதனை விமானிகள் இருவர். உயரம் 7,000 முதல் 8,000 அடி, வேகம் 60 முதல் 70 நாட். அணைத்த இன்ஜினை ஆகாயத்திலேயே மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். காற்றின் வேகத்தில் புரொப்பெல்லர் சுற்றும்போதும் செய்தார்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் உதவியோடும் செய்தார்கள். எல்லாம் இயல்பாக இருந்தது என்று அரசின் செய்திக்குறிப்பு சொன்னது.

நல்ல சோதனை. துணிச்சலான வேலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் பிரச்சினை அந்தச் செய்திக்குறிப்போடுதான். அதைவிடவும் அதை நாம் படிக்கும் விதத்தோடு.

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதி, அடுத்தவர் எழுதியதை டெஸ்ட் பண்ணிக் காலம் தள்ளுகிறவன் நான். ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் கையில் வந்தால் முதலில் தேடுவது 'பாஸ்' என்ற சொல்லை அல்ல. எத்தனை முறை ஓட்டினார்கள், எந்த நிலையில் ஓட்டினார்கள், எதை ஓட்டவில்லை என்பதைத்தான். இந்தக் குறிப்பில் இடம், தேதி, உயரம், வேகம், விமானிகள் பெயர் எல்லாம் இருக்கிறது. எத்தனை முறை அணைத்தார்கள், மறுபடி பிடிக்க எத்தனை நொடி ஆனது, அதற்குள் விமானம் எத்தனை அடி இறங்கியது என்ற மூன்று எண்களும் இல்லை. ஒரு மாணவ விமானியின் உயிர் அந்த மூன்று எண்களில்தான் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் பொறி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம்.

பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு மேக்னெட்டோவை விளக்கவே தேவையில்லை. பெடலை மிதித்தால் இன்ஜின் சுற்றும், அதோடு காந்தமும் சுற்றும், காயிலில் மின்சாரம் பிறக்கும், பிளக்கில் பொறி அடிக்கும். பொறிக்கு பேட்டரி தேவையே இல்லை. 'மேக்னட் காயில் போயிடுச்சு' என்று மெக்கானிக் சொன்னால்தான் வண்டி நிற்கும். செஸ்னா 152, 172 போன்ற பயிற்சி விமானங்களில் இன்றும் இருப்பது இதன் பெரிய அண்ணன். ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒரு மேக்னெட்டோ ஒரு வரிசை பிளக்குக்கு, இன்னொன்று அடுத்த வரிசைக்கு. விமானத்தின் மொத்த மின்சாரமும் போனாலும், பேட்டரியைக் கழற்றிக் கீழே போட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் துறை நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 'பைக்கே எஃப்ஐ ஆகிப் பல வருஷம் ஆச்சு, ஏரோப்ளேன்ல இன்னும் சிபி பாயிண்டா?' என்று. இரண்டாம் உலகப்போர் காலத்துச் சாமானை இன்னும் விடாமல் வைத்திருப்பது அதிகாரிகளின் சோம்பேறித்தனம் என்பது இணையத்தில் பரவலான முடிவு. இந்த முடிவு பாதி சரி. மீதிப் பாதிதான் ஆபத்தானது.

சரியான பாதி எது? மேக்னெட்டோவின் டைமிங் நிலையானது. பெரும்பாலான லைக்கமிங் நான்கு சிலிண்டர் இன்ஜின்களில், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 25 டிகிரி முன்னால் பொறி. தரையிலும் அதே 25, பத்தாயிரம் அடியிலும் அதே 25. ஆனால் எரிபொருள் வெடிப்பதில்லை, எரிகிறது. எரிய நேரம் வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் 25 டிகிரி என்பது ஒரு நொடியில் அறுநூறில் ஒரு பங்கு. கடல் மட்டத்தில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது, முழு சக்தியில், அந்த நேரம் சரியாகப் பொருந்துகிறது. மேலே போகப்போக காற்று மெலிகிறது. விமானி பெட்ரோலையும் குறைக்கிறார். மெலிந்த கலவை மெதுவாக எரியும். அப்போது பொறியைக் கொஞ்சம் முன்கூட்டியே அடித்தால்தான் அழுத்தம் சரியான இடத்தில் உச்சம் தொடும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் அதைச் செய்கிறது. முப்பது, அதற்கு மேலும் என்று முன்னே நகர்த்துகிறது. எரிபொருள் மிச்சமாவது உண்மைதான்.

ஆனால் கவனிக்க வேண்டியது, இந்த லாபம் உயரத்தில், நீண்ட பயணத்தில் வருவது. டேக்-ஆஃபில் அல்ல. முழு சக்தியில் தரையருகே 25 டிகிரியே போதும். அங்கே கூடுதலாக அட்வான்ஸ் கொடுத்தால் லாபம் ஒன்றும் இல்லை, டெட்டனேஷன்தான் மிச்சம். பைக்கில் 'நாக்கிங்' என்று காதில் விழும். விமானத்தில் புரொப்பெல்லர் சத்தத்தில் விழாது. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும்.

இங்கேதான் டியூனிங் என்ற பெயரில் நடக்கும் பல வேலைகள் மீது எனக்குக் கோபம். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு டைமிங் வைக்கிற ஆசாமிகளை மதுரையில் பார்த்திருப்பீர்கள். பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, 0.8 மில்லிமீட்டர் பின்னால் இறக்கி, அந்த இடத்தில் அம்மீட்டர் முள் லேசாக உதறுகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கப்புறம் ஓட்டிப்பார்த்து, 'கொஞ்சம் இழுவை பத்தல' என்று ஒரு நூல் தள்ளி வைப்பார்கள். சத்தத்தையும் இழுவையையும் வைத்து முடிவெடுக்கிற கலை அது. தப்பு நடந்தால் மேலூர் ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவோம், அவ்வளவுதான். தனியார் ஒற்றை இன்ஜின் விமானங்களில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுப் பார்க்கிறவர்களின் பரிசோதனைகளைப் படித்தால், கருவிகள் மட்டும் மாறியிருக்கின்றன, மனசு அதேதான் என்று பல இடங்களில் தோன்றுகிறது.

ஒரு உதாரணம். டைமிங்கை முன்னே நகர்த்தினால் எக்ஸாஸ்ட் சூடு குறையும். சீக்கிரமே எரிந்து முடிந்துவிடுவதால், வால்வு திறக்கும்போது வாயு ஆறியிருக்கும். மீட்டரில் எண் இறங்குவதைப் பார்த்து 'இன்ஜின் குளுமையா ஓடுது' என்று எழுதுகிறார்கள். எங்கே போனது அந்தச் சூடு? ஒரு பகுதி வேலையாக மாறியது, சரி. மீதி சிலிண்டர் ஹெட்டுக்குள் போனது. ஹெட் சூட்டைப் பக்கத்திலேயே போட்டுக் காட்டாத எந்த வரைபடத்தையும் நம்பாதீர்கள். ஒரே உயரம், ஒரே காற்றழுத்தம், ஒரே பெட்ரோல் அளவு, ஒரே ஆர்பிஎம். இந்த நான்கையும் பிடித்து வைத்துக்கொண்டு டைமிங்கை மட்டும் மாற்றினால்தான் அது சோதனை. நேற்று போன பயணத்தையும் இன்று போன பயணத்தையும் ஒப்பிட்டால் அது டைரிக்குறிப்பு.

இன்னொன்று, தரையில் செய்யும் மேக்னெட்டோ செக். ஒவ்வொரு விமானியும் கிளம்பும் முன் இன்ஜினை 1,700, 1,800 ஆர்பிஎம்மில் வைத்து, ஒரு மேக்னெட்டோவை அணைப்பார். ஒரு பிளக் மட்டும் அடிப்பதால் எரிவது தாமதமாகும், ஆர்பிஎம் கொஞ்சம் விழும். பிறகு அடுத்ததை அணைப்பார். எவ்வளவு விழலாம் என்று ஒரு வரம்பு உண்டு. இரண்டு வீழ்ச்சிகளுக்கும் இடையே 50 ஆர்பிஎம்முக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது மாணவர்கள் மனப்பாடம் செய்கிற எண். இப்போது ஒரு பக்கம் மேக்னெட்டோ, மறுபக்கம் எலெக்ட்ரானிக் என்று கலந்து போட்டால் என்ன ஆகும்? மேக்னெட்டோவை அணைத்தால் வீழ்ச்சி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எலெக்ட்ரானிக்கை அணைத்தால் நன்றாக விழும். 50 என்ற எண்ணுக்கு அர்த்தம் போய்விடுகிறது. அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்ற அனுமானத்தின் மேல் நின்ற எண். அமைப்பை மாற்றிவிட்டு டெஸ்ட் கேஸை மாற்றாமல் விடுவது எங்கள் ஊழலும்தான், அதனால் எனக்கு நன்றாகவே புரிகிறது.

மேக்னெட்டோ பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஏதோ சாகாவரம் பெற்ற சாமான் என்பது போல் பேசுவார்கள். இல்லை. பாயிண்ட் தேயும், டைமிங் மெல்ல நகரும், 500 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைப்பது என்பது அதில் ஒரு ஒயரை எர்த் செய்வதுதான். அந்த ஒயர் அறுந்துவிட்டால் மேக்னெட்டோ அணையாது. சாவி கையில் இருக்கும், இன்ஜின் நின்றிருக்கும், யாராவது புரொப்பெல்லரைக் கையால் தள்ளினால் பொறி அடிக்கும். கை போனவர்கள், உயிர் போனவர்கள் உண்டு. 'இரண்டு இருக்கிறதே' என்ற தைரியமும் சில நேரம் பொய். 1970களின் பின்பகுதியில் வந்த செஸ்னா 172 மாடலில் இருந்த லைக்கமிங் ஓ-320-எச்2ஏடி இன்ஜினில் இரண்டு மேக்னெட்டோவையும் ஒரே கூட்டில் வைத்து, ஒரே பல்சக்கரத்தால் சுற்றினார்கள். எடை மிச்சம், காசு மிச்சம். காக்பிட்டில் சுவிட்சைத் திருப்பினால் இடது, வலது, இரண்டும் என்று அழகாகக் காட்டும். ஆனால் அந்த ஒற்றை இணைப்பு உடைந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

ஆக, பழசா புதுசா என்பது கேள்வியே இல்லை. எது செத்தால் கூட எதெல்லாம் சாகும் என்பதுதான் கேள்வி. ஹன்சாவுக்கு வருவோம்.

ஹன்சாவின் முதல் மாதிரி 1993ல் பறந்தது. 2000ல் சான்றிதழ் பெற்ற ஹன்சா-3ல் இருந்தது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 914 இன்ஜின். பலருக்குத் தெரியாதது, அதிலேயே மேக்னெட்டோ பாயிண்ட் கிடையாது, எலெக்ட்ரானிக் சிடிஐதான். ஆனால் டிவிஎஸ் 50 மாதிரி: இன்ஜின் சுற்றும்போது அதன் சொந்தக் காயிலிலேயே மின்சாரம் பிறந்து, இரண்டு தனித்தனி சர்க்யூட்டுகளுக்குப் போகும். பொறிக்கு பேட்டரியை நம்ப வேண்டியதில்லை. 2021 செப்டம்பர் 3 அன்று முதலில் பறந்த ஹன்சா-என்ஜியில் இருப்பது ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ்சி. 100 குதிரைசக்தி, டர்போ இல்லை. பொறி, பெட்ரோல் ஊசி இரண்டையும் இசியூ என்ற கணினி பார்த்துக்கொள்கிறது. அதில் ஏ, பி என்று இரண்டு லேன். ஒன்று போனால் மற்றொன்று இன்ஜினை ஓட்டும். இன்ஜினிலேயே இரண்டு ஜெனரேட்டர். ஒன்று இசியூவுக்கு, மற்றது விமானத்துக்கு. முதலாவது போனால் இரண்டாவது இசியூவுக்கு மாறிக்கொள்ளும், விமானம் பேட்டரியில் ஓடும். இரண்டும் போனால் கடைசியாக பேட்டரியை இசியூவுக்குக் கொடுக்க ஒரு அவசர சுவிட்ச். யோசித்துச் செய்த வடிவமைப்பு.

ஆனால் புரொப்பெல்லர் நின்றுவிட்டால் ஜெனரேட்டர் இரண்டும் நின்றுவிடும். கணினி விழிக்க வேண்டும், பம்ப் அழுத்தம் தர வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். எல்லாம் பேட்டரியிலிருந்து. பேட்டரி சுத்தமாக இறங்கிப்போன எஃப்ஐ பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும். கியர் வைத்த ரோட்டாக்ஸில் இன்னொரு சங்கடம்: கம்ப்ரெஷன் விகிதம் 10.8, கியர் விகிதம் 2.43. காற்று புரொப்பெல்லரை ஒரு சுற்று சுற்றினால் இன்ஜின் இரண்டரை சுற்றுக்கு நெருக்கமாகச் சுற்றியாக வேண்டும். மெதுவான வேகத்தில் காற்றால் அது சுலபமில்லை. அதனால்தான் காற்றில் சுற்றும் நிலை ஒன்று, ஸ்டார்ட்டர் உதவி ஒன்று என்று சோதனையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆக, சள்ளகெரேயில் உண்மையில் சோதிக்கப்பட்டது விமானிகளின் துணிச்சல் மட்டுமல்ல. ஒரு மின்சாரச் சங்கிலி ஆகாயத்தில் முதலிலிருந்து எழுந்து நிற்குமா என்பதும்தான். குறிப்பில் இது ஒரு வரியில் கடந்து போகிறது. பேட்டரி எந்த நிலையில் இருந்தது? புதிதாகச் சார்ஜ் செய்ததா, அரை மணி நேரம் விமானத்தின் சுமையைத் தாங்கி இளைத்ததா? ஜெனரேட்டர் கெட்டதால் நின்ற இன்ஜினை எழுப்ப வேண்டி வந்தால் இரண்டாவது நிலைதான் நிஜம்.

இப்போது அந்த மூன்று எண்களுக்கு வருகிறேன். என் தோராயக் கணக்கு இது. 65 நாட் வேகத்தில், ஒன்றுக்கு ஒன்பது என்ற சறுக்கு விகிதத்தில் ஒரு சின்ன விமானம் நிமிடத்துக்கு 700 அடி சுமார் இறங்கும். 7,500 அடியில் இன்ஜின் நின்றால், தரையின் உயரத்தைக் கழித்தாலும் ஏழு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கும். ஒரு முறை முயன்று, தோற்று, புத்தகத்தைப் புரட்டி, மறுபடி முயலலாம். ஆனால் மாணவர்கள் எங்கே பறக்கிறார்கள்? ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி, சுமார் 1,000 அடியில். அங்கே ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அதில் மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடிக்கவும் இறங்க ஒரு வயலைத் தேடவும் போக, ரீலைட்டுக்கு என்ன மிஞ்சும்?

பயிற்சி விமானத்துக்கு ரீலைட் இரண்டாவது அரண்தான். முதல் அரண் நிற்காமல் இருப்பது. ஏ லேன் பறக்கும்போது செத்தால் பி லேன் எத்தனை ஆர்பிஎம் இழப்போடு தாங்குகிறது? ஜெனரேட்டர் மாறும் நொடியில் இன்ஜின் இருமுகிறதா? டேக்-ஆஃப் சக்தியில் அது நடந்தால் ஏறும் வேகம் எவ்வளவு குறைகிறது? இந்தச் சோதனைகள் நடக்காமல் சான்றிதழ் வேலை நகராது. ஆனால் வெளியே வந்த செய்தி, நின்றதை எழுப்பிய சாகசம். நிற்காமல் ஓடியது செய்தியாவதில்லை என்பது பத்திரிகைகளுக்குப் பொருந்தலாம். மக்கள் பணத்தில் ஓடும் ஆய்வகத்துக்கு ஏன் பொருந்த வேண்டும்?

இதே விமானம் அதே வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்து கடல்மட்டச் சோதனைகள் செய்தது. என்னைக் கேட்டால் இக்னிஷன் கோணத்தில் அதுதான் சுவாரசியமான பயணம். பெங்களூரு எச்ஏஎல் ஓடுதளம் சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் தன் முழு மூச்சை இழுப்பது கடற்கரையில்தான். அட்வான்ஸ் அதிகமாக இருந்தால் டெட்டனேஷன் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். ஆனால் பிப்ரவரி, மார்ச் புதுச்சேரி என்பது நம் வெயிலுக்கு முன்னால் பூஞ்சோலை. மதுரை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 140 மீட்டர்தான். ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி அடிக்கும்போது காற்றின் அடர்த்தியைக் கணக்குப் போட்டால், அது 3,500 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி மெலிந்திருக்கும். சக்தி குறையும், ஓடுதளம் அதிகம் தேவைப்படும், ஏற்றம் மந்தமாகும். மெதுவாக ஏறும் விமானத்துக்குள் காற்று குறைவாகப் புகும், ஹெட் சூடு ஏறும். உள்ளே இழுக்கும் காற்றே சூடு என்பதால் டெட்டனேஷனுக்கான இடைவெளியும் சுருங்கும். காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் சென்சார் சொல்ல, பொறியையும் பெட்ரோலையும் திருத்துகிற இசியூவுக்கு வேலையே இந்த மாதிரி நாளில்தான். நிலையான 25 டிகிரிக்கு சித்திரையும் மார்கழியும் ஒன்றுதான். ஹன்சா-என்ஜியின் உண்மையான பலத்தைக் காட்ட நினைத்தால் மே மாத மத்தியானம் இரண்டு மணிக்கு மதுரையிலோ திருச்சியிலோ இருபது தடவை டேக்-ஆஃப் செய்து, ஹெட் சூட்டு வரைபடத்தை வெளியிடலாம். சாகசம் இல்லாத, வியர்வை மட்டும் உள்ள வேலை.

இன்னொரு உண்மையையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அந்த டைமிங் அட்டவணை நம்முடையது அல்ல. இசியூ ரோட்டாக்ஸ் கொடுக்கும் பூட்டிய பெட்டி. சான்றிதழ் பெற்ற இன்ஜினில் அதைத் திறந்து ஒரு டிகிரி நகர்த்த விமானம் செய்பவருக்கு உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. ஆகவே நாம் செய்வது முழுக்க பிளாக் பாக்ஸ் டெஸ்டிங். உள்ளே பார்க்க முடியாத ஒன்றைச் சோதிக்கிறவர் வெளியிலிருந்து அதைக் கூடுதலாக அடித்துப் பார்க்க வேண்டும், கூடுதலாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். இரண்டு லேன் என்பதாலேயே நிம்மதி அடைய முடியாத காரணமும் எங்கள் துறையிலிருந்துதான் வருகிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. அதில் திசை அறியும் கணினி இரண்டு இருந்தது. இரண்டிலும் ஒரே நிரல். ஒரு எண் அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் போனது. முதலில் மாற்றுக் கணினி நின்றது, அடுத்த கணமே முதன்மைக் கணினியும் அதே காரணத்தால் நின்றது. ஒயர் அறுந்தால் இரண்டாவது ஒயர் காப்பாற்றும். நிரல் தப்பாக இருந்தால் இரண்டாவது பிரதியும் அதே தப்பைத்தான் செய்யும். ஒற்றைப் பல்சக்கரத்தில் சுற்றிய அந்த இரட்டை மேக்னெட்டோவின் புது அவதாரம் இது.

மதுரையிலிருந்து வளர்ந்த டிவிஎஸ் குழுமம், லூகாஸுடன் சேர்ந்து சென்னை பாடியில் 1960களிலிருந்து வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் செய்து வந்திருக்கிறது. ஓசூரில் இந்தியா நிப்பான் சிடிஐ செய்கிறது. கோடிக்கணக்கான இரண்டு சக்கர வண்டிகளுக்குப் பொறி கொடுத்த மாநிலம் இது. அந்தக் கைகள் விமானத்தின் பொறிப்பெட்டி பக்கம் போகாமல் இருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. சர்க்யூட் செய்வதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அது எப்படியெல்லாம் சாகும் என்று எழுதி, ஒவ்வொரு சாவையும் செய்து காட்டி, பதிவுகளை அடுத்தவர் குடைந்து பார்க்கும்படி மேசையில் வைப்பதுதான் பெரிய செலவு. சந்தையோ சின்னது.

அதற்காகவே என்ஏஎல் மாதிரி ஒரு பொது ஆய்வகம் தன் கையில் உள்ளதை வெளியிட வேண்டும் என்கிறேன். அன்று சள்ளகெரேயில் டெலிமெட்ரி வழியாகத் தரையிலிருந்தே சோதனையைக் கண்காணித்தார்கள். ஆர்பிஎம், உயரம், வேகம், ஹெட் சூடு, மின்னழுத்தம் எல்லாம் நொடிக்கு நொடி ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தூங்கிக்கொண்டிருக்கும். இன்ஜின் நின்ற நொடியிலிருந்து மறுபடி நிலையாக ஓடிய நொடி வரைக்கும் ஒரே ஒரு வரைபடம் போதும். பொறியியல் கல்லூரி மாணவன் ஒருவன் அதை வைத்து ஒரு செமஸ்டர் படிக்கலாம். பறக்கக் கற்கும் பிள்ளையின் அப்பா அதைப் பார்த்து, 1,000 அடியில் தன் மகளுக்கு எத்தனை நொடி மிச்சம் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.